மழை பெய்ஞ்சும் லாபம் எப்படி ஏறுச்சு? ஒரு கூல் டிரிங்ஸ் கம்பெனியோட ஜூன் காலாண்டு கணக்கு

போன வாரம் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆபீஸ்ல ரிலீஸ் வாரம், வேற ஒண்ணும் இல்லை. இந்த வாரம் முதல்ல வேற ஒரு டாபிக் பிளான் பண்ணியிருந்தேன். அதை ஓரமா வச்சுட்டேன், காரணம் எங்க மாமாகிட்ட இருந்து வந்த ஒரு போன்.

மாமான்னா அம்மாவோட தம்பி. திருச்சி பக்கம் துறையூர்ல பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி கடை வச்சிருக்கார். டீ கிடையாது. கூல் டிரிங்ஸ், தண்ணி பாட்டில், ஐஸ்கிரீம், பிஸ்கெட், வாழைப்பழம், ரீசார்ஜ். ஜூலை கடைசியில ஒரு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுறார். எடுத்ததும், "மாப்ள, மழையில என் கடை படுத்துருச்சு. ஆனா அந்த பெப்சி பாட்டில் போடுற கம்பெனி லாபம் ஏறியிருக்குன்னு போன்ல நியூஸ் வருது. இது எப்படிடா?"ன்னார். நல்ல கேள்விதானேன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்தது வந்துச்சு. "சீட்டு எடுத்த காசு ரெண்டு லட்சம் கையில இருக்கு. பேசாம அதை அந்த ஷேர்ல போட்டுடவா? கடையில நின்னு சாகறதுக்கு அது பரவாயில்ல போல."

ரெண்டு லட்சம் அவருக்குச் சின்னக் காசு இல்லை. அதனால "யோசிச்சு சொல்றேன் மாமா"ன்னு சொல்லி வச்சுட்டு, அந்த ரிசல்ட்டை உட்கார்ந்து முழுசா படிச்சேன். இன்னைக்கு எபிசோட் அதுதான். வழக்கமா சொல்றதை இப்பவே சொல்லிடுறேன்: நான் செபியில பதிவு பண்ணின ஆலோசகர் கிடையாது, கோட் எழுதுற ஆள். இந்த ஷேர் இப்ப என்கிட்ட இல்லை. ஒரு காலத்துல இருந்துச்சு, அந்தக் கதை நடுவுல வரும்.

கம்பெனி பேர் வருண் பெவரேஜஸ். பெப்சி, மவுன்டன் டியூ, செவன் அப், ஸ்லைஸ், ஸ்டிங், அக்வாஃபினா இதெல்லாம் நம்ம ஊர்ல பாட்டில்ல அடைச்சு, லாரியில ஏத்தி, கடை வரைக்கும் கொண்டு வர்றது பெரும்பாலும் இவங்கதான். இந்தியாவுல பெப்சிகோ விக்கிற பானங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல இவங்க கை வழியா போகுது. தமிழ்நாடு உட்பட தெற்கு, மேற்குப் பகுதிகளை 2019-ல பெப்சிகோகிட்ட இருந்து இவங்க எடுத்துக்கிட்டாங்க. ஆனா பிராண்டு இவங்களோடது இல்லை. சிரப் பெப்சிகோகிட்ட வாங்கணும், ஒப்பந்தம் 2039 வரைக்கும் இருக்கு. பாட்டில், சர்க்கரை, தண்ணி, ஃபேக்டரி, லாரி, கடையில நிக்கிற ஃப்ரிட்ஜ், இதெல்லாம்தான் இவங்க பிசினஸ். தலைவர் ரவி ஜெய்ப்பூரியா. அவர் மகன் பேர் வருண், மகள் பேர் தேவயானி. நம்ம ஊர்ல கேஎஃப்சி நடத்துற கம்பெனிகள்ல ஒண்ணான தேவயானி இன்டர்நேஷனலும் இந்தக் குடும்பத்தோடதுதான்.

இப்ப ஒரு தமாஷ் கவனிச்சீங்களா? மழைக்குத் தெய்வம் யாரு? வருணன். அந்தப் பேரை வச்சிருக்கிற கம்பெனிக்கு மழைதான் எதிரி. (சிரிப்பு) இதை மாமாகிட்ட சொன்னப்போ அவருக்குச் சிரிப்பே வரலை. வருணனால அடி வாங்கின ஆள் அவர்.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். ஜூலை 29, 2025 அன்னைக்கு வெளியிட்டாங்க. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசக் கணக்கு. படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும், இல்லன்னா குழம்பிடுவோம். நான் குழம்பியிருக்கேன்.

முதல் விஷயம் காலண்டர். நம்ம ஊர்ல பெரும்பாலான கம்பெனிகளுக்கு கணக்கு வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியும். இவங்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும். அதனால எல்லாரும் ஏப்ரல்-ஜூனை முதல் காலாண்டுன்னு சொல்லும்போது, இவங்க அதை ரெண்டாவது காலாண்டுன்னு சொல்லுவாங்க. சில ஆப்ல ஒரு மாதிரி போட்டிருப்பாங்க, கம்பெனி ரிப்போர்ட்ல வேற மாதிரி இருக்கும். நான் சுலபமா 'ஜூன் காலாண்டு'ன்னே சொல்லப் போறேன்.

ரெண்டாவது, கேஸ். விற்பனையை லிட்டர்ல சொல்ல மாட்டாங்க, இத்தனை மில்லியன் கேஸ்னு சொல்லுவாங்க. மாமா கடையில வந்து இறங்குற அட்டைப் பெட்டியும் இதுவும் ஒண்ணு இல்லை. இது ஒரு கணக்கு அளவு. 237 மில்லி பாட்டில் 24 சேர்ந்தா ஒரு கேஸ், அதாவது 5.678 லிட்டர். ரெண்டே கால் லிட்டர் பாட்டில் வித்தாலும், 250 மில்லி ஸ்டிங் வித்தாலும், தண்ணி வித்தாலும், எல்லாத்தையும் இந்த அளவுக்கு மாத்தித்தான் சொல்லுவாங்க. கடை பாஷையில சொன்னா, ஒரு கேஸ்னா 24 கிளாஸ் கூல் டிரிங்ஸ்.

இப்ப என் பழைய கதை. 2023-ல கொஞ்சம் போனஸ் வந்துச்சு, அதுல இந்த ஷேரை வாங்கினேன். காரணம் பெருசா ஒண்ணும் இல்லை. ஆபீஸ் பக்கத்துல இருக்கிற கடையில எல்லாரும் ஸ்டிங் குடிக்கிறாங்க, நானும் குடிக்கிறேன், அதனால வாங்கிட்டேன். 2023 ஜூன் காலாண்டுல லாபம் சுமார் 1,005 கோடி. சூப்பர்னு இருந்தேன். செப்டம்பர் காலாண்டுல 514 கோடி. லேசா வயித்தைக் கலக்குச்சு. 2024 பிப்ரவரியில டிசம்பர் காலாண்டு வருது, 144 கோடி. ஆயிரம், ஐநூறு, நூத்தி நாப்பது. கம்பெனி முடிஞ்சுதுன்னு நினைச்சு அன்னைக்கே வித்துட்டேன்.

நீங்க சிரிக்கிறது எனக்குக் கேக்குது. டிசம்பர்ல யார் பெப்சி குடிப்பாங்க? துறையூர்ல பெட்டிக்கடை வச்சிருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், கார்த்திகை மார்கழியில கூல் டிரிங்ஸ் நகராதுன்னு. எங்க வீட்டுலேயே அப்படி ஒருத்தர் இருக்கார், நான் கேக்கலை. ஒரு டிசம்பரை அதுக்கு முந்தின டிசம்பரோட ஒப்பிடணும். ஜூனை ஜூனோட ஒப்பிடணும். இந்த பிசினஸ்ல வருஷ லாபத்துல பாதிக்கு நெருக்கம் ஒரே காலாண்டுல வருது. 2024 முழு வருஷத்துக்கும் லாபம் சுமார் 2,634 கோடி. அதுல ஜூன் காலாண்டு மட்டும் 1,262 கோடி. நம்ம சர்வர் மாதிரிதான். தீபாவளி சேல் அன்னைக்கு வர்ற டிராஃபிக்குக்கு மெஷின் போட்டு வச்சிருப்போம், மத்த நாள்ல அதுல பாதி சும்மா சுத்தும். இவங்க ஃபேக்டரி மே மாச வெயிலுக்காகக் கட்டினது. அந்த மே மாசம் மக்கர் பண்ணினா அந்த வருஷக் கணக்கே ஆடிப்போகும்.

2025 மே மாசம் மக்கர் பண்ணுச்சு. கேரளாவுக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமா ஜூன் 1-ல வரணும். இந்த வருஷம் மே 24-லேயே வந்துருச்சு, 2009-க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்தது இதுதான். அதுக்கு முன்னாடியே பல ஊர்ல கோடை மழை விடாம அடிச்சுச்சு. விவசாயிக்கு நல்லது, நம்ம போர்வெல்லுக்கு நல்லது. கூல் டிரிங்ஸ்காரங்களுக்கு மட்டும் கத்திரி வெயிலே கண்ணுல காட்டாம போயிடுச்சு.

அந்த வருஷம் ஆரம்பம் எப்படி இருந்துச்சுன்னும் பாத்துடலாம், அப்பதான் அடி எவ்வளவு பெருசுன்னு புரியும். ஜனவரி-மார்ச்ல விற்பனை 30.1 சதவீதம் ஏறி 312.4 மில்லியன் கேஸ். லாபம் 548 கோடியில இருந்து 731 கோடி. தலைப்புச் செய்தி பாத்தா ராக்கெட். ஆனா 2024 மார்ச் கடைசியிலதான் தென்னாப்பிரிக்காவுல பெவ்கோன்னு ஒரு கம்பெனியை வாங்கி முடிச்சாங்க. அதனால 2024 ஜனவரி-மார்ச்ல தென்னாப்பிரிக்கா விற்பனை கணக்குல கிட்டத்தட்ட இல்லவே இல்லை, 2025-ல முழுசா இருக்கு. இல்லாததோட இருக்கிறதை ஒப்பிட்டா எல்லாமே வளர்ச்சியாத்தான் தெரியும். இந்தியாவுல மட்டும் பாத்தா வளர்ச்சி 15.5 சதவீதம். அதுவே நல்ல நம்பர்தான்.

அடுத்த மூணு மாசத்துல என்ன ஆச்சு? மொத்த விற்பனை 401.6 மில்லியன் கேஸ்ல இருந்து 389.7 மில்லியனுக்கு இறங்கிடுச்சு. 3 சதவீதம் குறைவு. வருமானம் 2.5 சதவீதம் குறைஞ்சு சுமார் 7,017 கோடி. 'மழையால 3 சதவீதம்தான் குறைஞ்சுச்சா, பரவாயில்லையே'ன்னு தோணும். ஆனா உள்ள போய்ப் பாத்தா ரெண்டு நம்பர் இருக்கு. இந்தியாவுல 7.1 சதவீதம் இறக்கம். வெளிநாடுகள்ல 15.1 சதவீதம் ஏற்றம்.

இங்க பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். இந்தியாவோட பங்கு எக்ஸ்னு வச்சுக்குங்க. எக்ஸ் பங்கு 7.1 இறங்குது, மிச்சம் 15.1 ஏறுது, மொத்தம் 3 இறங்குது. போட்டுப் பாத்தா எக்ஸ் சுமார் 0.81. அதாவது போன வருஷ ஜூன் காலாண்டுல வித்த அஞ்சு கேஸ்ல நாலு கேஸ் இந்தியாவுல வித்தது. கிட்டத்தட்ட 327 மில்லியன் கேஸா இருந்த இந்தியா விற்பனை 304-க்கு வந்துருச்சு. அந்த 23 மில்லியன் கேஸ் ஓட்டையில பாதியை அந்தப் பக்கம் வெளிநாட்டு விற்பனை அடைச்சுக் கொடுத்துச்சு. நமக்கு மே மாசம் மழை பெய்யும்போது தென்னாப்பிரிக்காவுல குளிர் ஆரம்பிக்கிற நேரம், அப்பவும் அங்க மட்டும் 16.1 சதவீதம் வளர்ச்சி. ஊர் விட்டு ஊர் போய் கடை போடுறதுக்கு இதுதான் காரணம். மாமாவுக்கு ஜோகன்னஸ்பர்க்ல கிளை இல்லை.

அடுத்து நான் ஒரு பாட்டில் கணக்கு போட்டேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. 7,017 கோடியை 38.97 கோடி கேஸால வகுத்தா ஒரு கேஸுக்கு 180 ரூபாய். அதை 24-ஆல வகுத்தா ஒரு கிளாஸுக்கு ஏழரை ரூபாய். இதுல தண்ணி பாட்டிலும் இருக்கு, தென்னாப்பிரிக்காவும் இருக்கு, அதனால இது சராசரிதான். ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. நாம 20 ரூபாய் கொடுத்து 250 மில்லி வாங்குறோம், கம்பெனி கையில நிக்கிற வருமானம் அந்த எட்டு ரூபாய்ப் பக்கத்துலதான். மிச்சம்? 2025 ஜூன் காலாண்டுல கேஸ் அடைச்ச பானத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, மேல 12 சதவீத செஸ், ஆக 40 சதவீத வரி இருந்துச்சு. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர், அப்புறம் கடை. அந்த எட்டு ரூபாய்க்குள்ளதான் சிரப், சர்க்கரை, பாட்டில், கரண்ட், சம்பளம், டீசல் எல்லாம் போகணும். எல்லாம் போக நின்ன லாபத்தை அதே மாதிரி வகுத்தா ஒரு கிளாஸுக்கு சுமார் 1 ரூபாய் 40 காசு.

இதை மாமாகிட்ட சொன்னேன். "டேய், எனக்கு ஒரு பாட்டிலுக்கு ரெண்டு ரூபா நிக்குதுடா. அப்ப நான் அவனை விடப் பெரிய ஆளு"ன்னார். கரெக்ட்தான் மாமா, ஆனா அவங்க அந்த மூணு மாசத்துல வித்தது 935 கோடி கிளாஸ். ஒரு நாளைக்குப் பத்து கோடி. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "சரி விடு"ன்னார்.

இப்ப அவரோட நிஜமான கேள்வி. விற்பனை குறைஞ்சிருக்கு, வருமானம் குறைஞ்சிருக்கு, லாபம் மட்டும் எப்படி ஏறுச்சு? ஏறினது உண்மைதான். 1,262 கோடியில இருந்து சுமார் 1,325 கோடி, 5 சதவீதம் அதிகம். நியூஸ்ல வந்தது இதுதான்.

இதுல முதல் படி, வட்டி, தேய்மானம், வரி இதெல்லாம் கழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள லாபம். எபிட்டான்னு சொல்லுவாங்க. இது கடையை நடத்துறதுல வந்த காசு. போன வருஷம் 1,991 கோடி, இந்த வருஷம் 1,999 கோடி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வருமானம் குறைஞ்சும் இது குறையாம இருக்குன்னா செலவைக் கட்டுப்படுத்தியிருக்காங்க. நூறு ரூபாய் வருமானத்துல எபிட்டா 27.7-ல இருந்து 28.5 ஆயிருக்கு. மழைக் காலத்துல இது உண்மையிலேயே நல்ல வேலை, அதுக்கு மார்க் கொடுக்கணும்.

ஆனா இதுல 5 சதவீத வளர்ச்சி இல்லை. அடுத்த வரி தேய்மானம். பிரயாக்ராஜ், பீகார்ல பக்ஸர், இமாச்சல்ல தம்தால், மேகாலயாவுல மெண்டிபதர்னு 2025-ல நாலு புது ஃபேக்டரி திறந்தாங்க. புது மெஷின் வந்தா தேய்மானம் ஏறும், அது லாபத்தைக் குறைக்கத்தான் செய்யும். அப்போ லாபத்தைத் தூக்கி விட்டது எது? அதுக்கும் கீழ இருக்கிற வரி. வட்டி.

2024 நவம்பர்ல இவங்க பெரிய முதலீட்டாளர்களுக்குப் புது ஷேர் வித்து 7,500 கோடி திரட்டினாங்க. ஒரு ஷேர் 565 ரூபாய்னு. அந்தப் பணத்துல பெரும்பகுதியை வச்சு கடனை அடைச்சாங்க. கடன் போச்சு, வட்டி போச்சு. 2024 ஜூன்ல வட்டியாப் போன காசு, 2025 ஜூன்ல லாபமா நிக்குது. மழை பெஞ்சதுக்கும் லாபம் ஏறினதுக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்கு ஆறு மாசம் முன்னாடியே ஒருத்தர் கடனை அடைச்சு வச்சதோட பலன் அது.

இங்கேயே நிறுத்தியிருந்தா நானும் கை தட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா அந்த 7,500 கோடி சும்மா வரலையே. புதுசா 13 கோடிக்கு மேல ஷேர் அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க. முன்னாடி மொத்தம் சுமார் 325 கோடி ஷேர், இப்ப சுமார் 338 கோடி. அதாவது 4 சதவீதம் அதிகம். பந்தியில சாப்பாடு 5 சதவீதம் கூடியிருக்கு, உட்கார்ந்திருக்கிற ஆள் 4 சதவீதம் கூடியிருக்கு. ஒரு இலைக்கு எவ்வளவு விழும்? ஒரு ஷேருக்கு லாபம் ஏறினது ஏறக்குறைய 1 சதவீதம்தான். தலைப்புச் செய்தியில 5. நம்ம இலையில 1. எந்த நியூஸ் ஆப் நோட்டிஃபிகேஷன்லயும் இதை நான் பாக்கலை. யாரும் ஏமாத்தலை, ரிசல்ட்டுலயே ஒரு பங்குக்கான லாபம்னு கடைசி வரியில இருக்கு. கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்றவங்கதான் கம்மி.

விலையையும் பாத்துடலாம். நான் பாத்தப்போ ஷேர் 500 ரூபாய் சுற்றுவட்டாரத்துல இருந்துச்சு. 338 கோடி ஷேரை 500-ஆல பெருக்கினா 1,69,000 கோடி. 2024 முழு வருஷ லாபம் 2,634 கோடி. வகுத்தா 64. அதை மாமாவுக்கு இப்படிச் சொன்னேன்: "துறையூர்ல ஒரு கடை விலைக்கு வருது. வருஷத்துக்கு ஒரு லட்சம் லாபம். கடைக்காரர் 64 லட்சம் கேக்கறார். வாங்குவீங்களா?" "அவன் பைத்தியமா, நான் பைத்தியமா?"ன்னார். கடை வருஷா வருஷம் 20 சதவீதம் வளருதுன்னா அந்த விலைக்கு ஒரு நியாயம் இருக்கு. இந்தியா விற்பனை 7 சதவீதம் இறங்கின வருஷத்துல அந்த நியாயத்தை மறுபடி யோசிக்கணும்.

இதுல எனக்கு முழுசா பிடிபடாத ஒரு இடம் கேம்பா. ரிலையன்ஸ் 2022-ல அந்தப் பழைய பிராண்டை வாங்கி, 2023-ல மறுபடி கொண்டு வந்தாங்க. 200 மில்லி பத்து ரூபாய். எங்க ஏரியா கடையில இப்ப முன் வரிசையில அது நிக்குது. 7 சதவீதம் இறங்கினதுல எவ்வளவு மழை, எவ்வளவு கேம்பா? கம்பெனி மழைன்னு சொல்லுது. மார்ச் வரைக்கும் 15 சதவீதம் வளர்ந்தது மூணே மாசத்துல திரும்பியிருக்குன்னா, மழைதான் பெரிய காரணம்னு எனக்கும் படுது. கேம்பா ஜனவரியிலயும் இருந்துச்சுல்ல? ஆனா மழையில ஒரு வசதி இருக்கு. அதுக்குப் பின்னாடி வேற என்ன ஒளிஞ்சிருக்குன்னு அந்த வருஷம் தெரியாது. வெயில் நல்லா அடிக்கிற ஒரு ஜூன் காலாண்டு வரும்போதுதான் தெரியும். மாமாகிட்ட கேட்டேன், உங்க கடையில என்ன நிலவரம்னு. "பத்து ரூபா பாட்டில் காலேஜ் பசங்க எடுக்கறாங்க. குடும்பமா வர்றவங்க பழசைத்தான் கேக்கறாங்க. பன்னீர் சோடாவுக்கு எந்தக் குறையும் இல்ல"ன்னார். ஒரு கடை நிலவரம்தான், அதுக்கு மேல அதுல அர்த்தம் தேட வேண்டாம்.

இவ்வளவும் சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான் நான் கேக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். முதல்லயே கேட்டிருக்கணும். "மாமா, உங்களுக்கு இப்ப கடன் எதுவும் இருக்கா?"

கொஞ்சம் இழுத்தார். அப்புறம் வந்துச்சு. ஏப்ரல் கடைசியில, வெயில் பின்னிடும்னு நம்பி ஒரு தண்டல் எடுத்திருக்கார். தெரியாதவங்களுக்கு: ஒரு லட்சம் தண்டல்னா கையில 90,000-தான் கொடுப்பாங்க, தினமும் ஆயிரம்னு நூறு நாள் கட்டணும். அந்தக் காசுல பாதிக்கு மேல கூல் டிரிங்ஸ் இறக்கியிருக்கார், மிச்சம் ஐஸ்கிரீமும் தண்ணியும். மே முழுக்க மழை. கரண்ட் போய் ஐஸ்கிரீம் ஒரு தடவை மொத்தமா உருகிடுச்சு. தினமும் ஆயிரம் கட்ட முடியலை. ஜூலையில ரெண்டாவது தண்டல் எடுத்து முதல் தண்டலை முடிச்சிருக்கார். போன் பண்ணின அன்னைக்கு இன்னும் 80 நாள், 80,000 பாக்கி. இது அத்தைக்குத் தெரியாது. இந்த எபிசோடுக்கு அவர்கிட்ட அனுமதி கேட்டப்போ, "இப்பதான் தெரிஞ்சுருச்சே, சொல்லிக்கோ"ன்னார்.

நூறு நாளைக்குப் பத்தாயிரம் வட்டின்னா பத்து சதவீதம்தானேன்னு தோணும். இல்லை. முதல் நாள்ல இருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றோம், சராசரியா நம்ம கையில இருக்கிறது அந்த 90,000-ல பாதிதான். வருஷக் கணக்குக்கு மாத்தினா 80 சதவீதத்துக்கு நெருங்கி வருது. என் ஸ்ப்ரெட்ஷீட்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், நம்ப முடியாம.

"மாமா, ஷேர் வாங்குறதை விடுங்க. 400 ஷேர் வாங்குவீங்க. இந்தத் தடவை அவங்க அறிவிச்ச டிவிடெண்ட் ஒரு ஷேருக்கு அம்பது காசு. உங்களுக்கு 200 ரூபாய் வரும். இங்க ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டுறீங்க."

"அதுக்கு?"

"அவங்களுக்கு மழையில லாபம் ஏறினது எதனாலன்னு சொன்னேன்?"

"கடனை அடைச்சதால." அப்புறம் அவரே, "ஆனா அவன் ஷேர் அடிச்சு வித்தான். நான் எதை விக்கிறது?"

"நீங்க சீட்டு எடுத்திருக்கீங்க இல்ல."

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். தண்டலை முன்னாடியே அடைச்சா வட்டி குறையும்னு கட்டாயம் இல்லை, பாக்கி மொத்தத்தையும் கேப்பாங்க. அதனால அவர்கிட்ட சொன்னது ரெண்டு. ஒண்ணு, மொத்தமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு பேசிப் பாருங்க. குறைக்கலைன்னா, சீட்டுக் காசுல 80,000-ஐ பேங்க்ல தனியா வச்சு தினமும் அதுல இருந்தே கட்டுங்க, கல்லாவைத் தொடாதீங்க. எப்படி இருந்தாலும் மூணாவது தண்டல் எடுக்கவே கூடாது. போன கார்த்திகையில கூல் டிரிங்ஸ் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு அவருக்கு என்னை விட நல்லாத் தெரியும். அந்த மாசங்கள்ல தினமும் ஆயிரம் எங்க இருந்து வரும்?

பேசிப் பாத்திருக்கார். தண்டல்காரர் 4,000 குறைச்சுக்கிட்டு 76,000-க்கு முடிச்சுட்டார். "சின்னப் பையன்ல இருந்து தெரியும், அதான்"னு மாமா சொன்னார். மிச்சம் 1,24,000. அதுல ஷேர் வாங்குறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணலை, நானும் எதுவும் சொல்லலை. அத்தை அதை அவங்க பேர்ல எஃப்டி போடச் சொல்லியிருக்காங்க, அனேகமா அதுதான் நடக்கும்.

நேத்து மறுபடி போன். "மாப்ள, அடுத்த ரிசல்ட் எப்ப வரும்?" அக்டோபர் கடைசி வாக்குல வரும் மாமா, செப்டம்பர் வரைக்கும் உள்ள கணக்கு, போன செப்டம்பரோட ஒப்பிடணும்னேன். "அது தெரியும்டா. மே மாசம் இறக்கினதுல இன்னும் பதினோரு பெட்டி இருக்கு. வெயில் வருமான்னு அதுல போட்டிருப்பானான்னு கேட்டேன்."